ஓரியின் அம்பும் தொடுதிரையும்

புறநானூற்றில் வன்பரணர் என்னும் புலவர் ஒரு வேட்டைக் காட்சியைப் பாடியிருக்கிறார். கொல்லிமலைத் தலைவனாகிய வல்வில் ஓரி ஓர் அம்பை எய்கிறான். அந்த அம்பு முதலில் யானையை வீழ்த்துகிறது. பின்னர்ப் புலியைத் துளைக்கிறது. அதன்பின் மானை உருட்டுகிறது. அடுத்துக் காட்டுப்பன்றியைச் சாய்க்கிறது. இறுதியில் புற்றிலே கிடந்த உடும்பின்மேற் சென்று தங்குகிறது. அம்பு ஒன்று, இலக்கு ஐந்து.

ஓரி ஆண்ட அந்த மலையிலேதான் நான் பிறந்தேன். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால், மலைமேல் 'நாடு' என்னும் பெயருடைய ஊர்த் தொகுதிகள் பலவற்றைக் காணலாம். அவற்றுள் ஒன்று வாழவந்தி நாடு. சாமையும் கேழ்வரகும் விளையும் மேட்டு நிலம், மிளகுக் கொடி படர்ந்த மரங்கள், பலாவின் மணம் வீசும் வழிகள்: இவற்றுக்கு நடுவே எங்கள் வீடு. இன்று நான் பேச எடுத்துக்கொண்டதும் ஓர் அம்பு ஐந்து இலக்குகளைத் தொட்ட கதைதான். இதில் வில் இல்லை, வேட்டை இல்லை. அம்புக்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரியாத ஒளி இருக்கிறது. விலங்குகளுக்குப் பதிலாக வீட்டுக் கூடத்திலே வீற்றிருக்கும் ஐந்து மின்கருவிகள் இருக்கின்றன.

நான் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியன். தந்தையார் மறைந்தபின் அம்மா மலைமேல் தனியாகவே இருக்கிறார். 'என்னுடன் வந்து இரு' என்று அழைத்தால், 'சாமைக் காட்டை யார் பார்ப்பது?' என்று கேட்பார். 2006-ஆம் ஆண்டில் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின்கீழ் எங்கள் வீட்டுக்கு ஒரு 14 அங்குலப் பெட்டி வந்தது. அது பல ஆண்டுகள் உழைத்து ஓய்ந்தது. அதற்குப் பதிலாக, ஒரு பொங்கல் விடுமுறையில், நான் பெரிய ஏற்பாடாகவே செய்துவிட்டேன்.

பெரிய திரையுள்ள தொலைக்காட்சி ஒன்று. ஐந்து ஒலிபெருக்கிகளையும் தாழ்ந்த ஓசைக்கென ஒரு தனிப் பெட்டியையும் இயக்கும் ஆம்ப்ளிஃபயர் ஒன்று. கூரைமேல் நிற்கும் டிஷ்ஷுக்கு உரிய செட்டாப் பெட்டி ஒன்று. வட்டுகளை இயக்கும் பிளேயர் ஒன்று. ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய விளக்கு ஒன்று. இவ்வாறு வீட்டுக் கூடத்தைச் சிறு திரையரங்கம் ஆக்குவதையே 'ஹோம் தியேட்டர்' என்கிறோம். பிளேயரில் இடுவதற்கு ஒரு வட்டும் கொண்டுபோனேன். திருவிழாக்களில் என் தந்தையார் பாடிய பாட்டுகளை எப்போதோ ஒரு நாடாவில் பதிந்து வைத்திருந்தோம். அவற்றை அந்த வட்டில் ஏற்றியிருந்தேன்.

ஐந்து கருவிகள், ஐந்து ரிமோட்டுகள். இவற்றை அம்மா எவ்வாறு கையாள்வார்? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தேன். ஐந்தின் வேலையையும் ஒன்றே செய்யும் பொது ரிமோட் ஒன்றை வாங்கிச் சென்றேன். அதில் பொத்தான்கள் இல்லை. கண்ணாடி போன்ற தொடுதிரைதான் உண்டு. அத்திரையில் எந்தப் படம் எங்கே தோன்ற வேண்டும், அதைத் தொட்டால் என்னென்ன நிகழ வேண்டும் என்பதையெல்லாம் நாமே எழுதி அமைக்கலாம்.

அஃது எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தொலைவிலிருந்து ஒரு பொருளை இயக்கும் கருத்து புதியது அன்று. 1898-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் நிக்கோலா டெஸ்லா என்னும் அறிஞர் ஒரு சிறு படகை வானொலி அலைகளாலேயே செலுத்திக் காட்டினார். தொலைக்காட்சிக்கு வந்த முதல் ரிமோட்டுகளுள் ஒன்று 1950-இல் அமெரிக்காவில் ஜெனித் நிறுவனம் செய்தது; அது பெட்டியோடு ஒரு நீண்ட கம்பியால் இணைந்திருந்தது. 1955-இல் யூஜீன் பாலி என்பவர் கம்பியை நீக்கி, ஒளிக்கற்றையால் பெட்டியை இயக்கினார். ஆனால், வெயில் பட்டாலும் பெட்டி அதைக் கட்டளை என்று எண்ணிக்கொண்டது! மறு ஆண்டே இராபர்ட் ஆட்லர் என்பவர் வேறொரு வழி கண்டார். பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தி அலுமினியத் தண்டைத் தட்டும். நம் செவிக்கு எட்டாத ஒலி எழும். தொலைக்காட்சி அதைக் கேட்டு நடக்கும். அக்கருவிக்கு மின்கலமே தேவைப்படவில்லை.

இப்போது நம் கைகளில் உள்ள ரிமோட்டுகளில் பெரும்பாலானவை அகச்சிவப்புக் கதிரால் பேசுகின்றன. 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானியல் அறிஞர் சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடியால் பிரித்து, நிறந்தோறும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்திலும், வெப்பம் ஏறக் கண்டார். அந்தக் கதிர்தான் இது. ரிமோட்டின் முனையில் உள்ள சிறு விளக்கு இக்கதிரை விநாடிக்கு ஏறத்தாழ 38,000 முறை துடிக்கச் செய்கிறது. வெயிலும் விளக்கும் இவ்வாறு துடிப்பதில்லை ஆதலால், கருவி தனக்குரிய ஒளியை எளிதில் பிரித்தறிகிறது. அத்துடிப்பை விட்டு விட்டு அனுப்பினால் அது தந்திக் குறிபோல் ஆகிறது. பரவலாக வழங்கும் ஒரு முறையில் ஒரு கட்டளைக்கு 32 குறிகள் உண்டு. அவற்றுள் ஒரு பகுதி 'இன்ன கருவிக்கு' என்னும் முகவரி; மற்றொரு பகுதி 'இன்னது செய்' என்னும் ஏவல். பிழை நேராதிருக்க, ஒவ்வொன்றும் தலைகீழாகவும் ஒருமுறை அனுப்பப்படுகிறது. இவ்வளவும் ஒரு விநாடியில் பதினான்கில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும்.

நீங்களே இதைச் சோதித்துப் பார்க்கலாம். கைப்பேசியின் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்கு நேரே காட்டிப் பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி, பல கேமராக்களில் வெளிறிய ஊதாப் புள்ளியாக மின்னக் காண்பீர்கள்.

பொது ரிமோட் இக்குறிகளைக் கற்றுக்கொள்ளும். பழைய ரிமோட்டையும் புதியதையும் முகத்தோடு முகம் வைத்து, பழையதில் ஒரு பொத்தானை அழுத்தினால், புதியது அதைக் கேட்டு மனத்தில் இருத்திக்கொள்ளும். ஆப்பிள் கணினியை உருவாக்கிய ஸ்டீவ் வாஸ்னியாக் 1987-இல் இவ்வகைக் கருவி ஒன்றை வெளியிட்டார். 1998-இல் பிலிப்ஸ் நிறுவனத்தின் 'பிராண்டோ' வந்தது. தொடுதிரையும், கணினியில் அமர்ந்து நாமே பக்கங்களை வரையும் வசதியும் அதில் அமைந்திருந்தன. பல குறிகளை வரிசையாகக் கோத்து ஒரே தொடுதலில் அனுப்பும் முறைக்கு 'மேக்ரோ' என்று பெயர். ஓரியின் அம்பு இதுதான்.

நான் கணினியின்முன் இரண்டு இரவுகள் விழித்திருந்து மேக்ரோக்களை எழுதினேன். 'அப்பா பாட்டு' என்னும் படத்தைத் தொட்டால் தொலைக்காட்சி எழும், ஆம்ப்ளிஃபயர் எழும், ஓசை வழி மாறும், பிளேயர் வட்டைச் சுழற்றும், விளக்கு மங்கும். அதோடு நின்றேனா? இல்லை. நான்கு பக்கங்களில் 36 படங்களை அமைத்தேன். ஒலியின் தன்மையை மாற்ற ஆறு, படத்தின் வண்ணத்தை மாற்ற ஐந்து என்று அடுக்கினேன். பொங்கலன்று உறவினர் நடுவே அதை இயக்கிக் காட்டினேன். அனைவரும் வியந்தனர். அம்மா ஒரு மூலையில் அமர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்வதானால், அம்மாவுக்காக வாங்கியதாகச் சொல்லிக்கொண்டு, எனக்காகவே நான் அதை வாங்கியிருந்தேன்.

அதன்பின் பல திங்கள் கழித்து, ஐப்பசி மழையின்போது மலைக்குச் சென்றேன். தொலைக்காட்சியின்மேல் ஒரு பழைய சேலை போர்த்தியிருந்தது. ரிமோட் மாடக்குழியில், துணியில் சுற்றி, விளக்குக்குப் பின்னால் கிடந்தது. அடுப்பங்கரையிலே பழைய டிரான்சிஸ்டர் வானொலி பாடிக்கொண்டிருந்தது. மாலைச் செய்திப் படம் பார்க்க அம்மா பக்கத்து வீட்டுத் திண்ணைக்குச் செல்வதாக அறிந்தேன்.

"ஏன் அம்மா இதைப் போடவில்லை?" என்று கேட்டேன்.

அவர் உடனே விடை கூறவில்லை. சிறிது நேரம் கழித்து, "நான்தான் கண்ணு கெடுத்துவிட்டேன். நீ காசு போட்டு வாங்கியதை நான் கெடுத்துவிட்டேன். படிக்காதவளுக்கு இதெல்லாம் எதற்கு?" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எத்தனையோ மாணவர்களுக்குப் பாடம் சொன்ன எனக்கு அந்த ஒரு சொல் பொறுக்கவில்லை. தன் கணவரின் குரல் அடுத்த அறையில் இருக்கிறது. அதைக் கேட்க வழியில்லாமல், குற்றம் தன்னுடையது என்று எண்ணி, இவ்வளவு நாளும் ஒருத்தி வாய் திறவாமல் இருந்திருக்கிறாள். எது கெட்டது என்று பார்த்தேன். ஒன்றுமே கெடவில்லை. அம்மாவின்மேல் பிழையும் இல்லை. பிழை முழுவதும் என் எழுத்தில் இருந்தது.

முதற் பிழையைக் கூறுகிறேன். பல கருவிகளில் இயக்குவதற்கும் நிறுத்துவதற்கும் ஒரே குறிதான் உண்டு. உறங்கும் கருவிக்கு அதை அனுப்பினால் விழிக்கும். விழித்திருக்கும் கருவிக்கு அனுப்பினால் உறங்கிவிடும். நான் என் மேக்ரோவில் அக்குறியையே பயன்படுத்தியிருந்தேன். எல்லாக் கருவிகளும் ஒருங்கே உறங்கும் வரையில் அது சரியாகவே நடக்கும். ஆனால் மலையில் காற்றும் மழையும் வந்தால் மின்சாரம் போவதும் வருவதும் இயல்பு. மின்சாரம் மீண்டும் வரும்போது, சில கருவிகள் உறங்கியே கிடக்கும். வேறு சில, முன்பிருந்த நிலையை நினைவிற்கொண்டு தாமே விழித்துக்கொள்ளும். அப்போது என் அம்பு உறங்கியவற்றை எழுப்பிற்று. விழித்திருந்தவற்றை உறங்க வைத்தது. படம் வந்தால் ஓசை இல்லை; ஓசை வந்தால் படம் இல்லை. அம்மா மீண்டும் தொட்டார். எல்லாம் மறுபடியும் தலைகீழாயிற்று. நூறு முறை தொட்டாலும் அவை ஒன்றுசேரா.

இதற்கு அடிப்படை யாதெனில், அகச்சிவப்பு ரிமோட் பேசும், ஆனால் கேட்காது. தன் கட்டளை சென்று சேர்ந்ததா, கருவி எழுந்ததா என்பதை அது அறியாது. அனுப்பியதெல்லாம் நிறைவேறிற்று என்று நம்பிக்கொண்டிருக்கும். குறுக்கே ஒருவர் நடந்தாலும் அம்பு புலியோடு நின்றுவிடும். மானும் பன்றியும் உடும்பும் தப்பிவிடும்.

இரண்டாவது பிழை, பொறுமையின்மை. பிளேயர் விழித்து வட்டைப் படித்து முடிக்கச் சில விநாடிகள் ஆகும். அதற்குள்ளேயே 'பாடு' என்னும் குறியை அனுப்பியிருந்தேன். அரைத் தூக்கத்தில் இருப்பவரிடம் சொன்ன செய்தியைப்போல் அது வீணாயிற்று.

மூன்றாவது பிழையை நான் எதிர்பார்க்கவே இல்லை. அம்மாவைத் திரையைத் தொடச் சொன்னேன். தொட்டார், ஒன்றும் நிகழவில்லை. அழுத்தித் தொட்டார், அப்போதும் இல்லை. நான் தொட்டேன், உடனே விளங்கிற்று. அம்மாவின் விரலைக் கையிலெடுத்துப் பார்த்தேன். ஐம்பது ஆண்டுகளாகக் களை பறித்து, சாமை குத்தி, விறகு சுமந்து, விரல் நுனி காய்த்து, உலர்ந்து, வெடித்திருந்தது.

தொடுதிரைகள் பெரும்பாலும் இரு வகை. ஒரு வகையில் மெல்லிய இரு படலங்கள் அழுத்தத்தால் ஒன்றையொன்று தொடும். அதற்கு நகமும் போதும், குச்சியும் போதும். மற்றொரு வகையில் கண்ணாடியின்மேல் ஒரு மெல்லிய மின்புலம் இருக்கும். மின் கடத்தும் விரல் அருகில் வந்தால் அப்புலம் சற்று மாறும். அம்மாற்றத்தையே திரை தொடுதலாக அறியும். இக்காலத்துக் கைப்பேசிகளில் உள்ளது இந்த இரண்டாம் வகை. தோல் மிகத் தடித்து உலர்ந்திருந்தால் அந்த மாற்றம் குறைந்துவிடும். திரை விரலை உணராமலும் போகும். எவ்வளவு அழுத்தினாலும் அதற்குப் பொருட்டில்லை. நியாயவிலைக் கடையில் விரல்ரேகைக் கருவிமுன் முதியவர்கள் விரலை மாற்றி மாற்றி வைப்பதைக் கண்டிருப்பீர்கள். அவ்விடத்துக் காரணம் வேறாயினும் துன்பம் ஒன்றுதான். உழைத்த கையை அடையாளம் காணத் தெரியாத கருவியை உழைத்தவர் கையிலேயே நான் கொடுத்திருந்தேன்.

அன்றிரவு கணினியைத் திறக்கவில்லை. அம்மாவின் அருகில் அமர்ந்து, "உங்களுக்கு இதில் என்னென்ன வேண்டும்?" என்று கேட்டேன். பொங்கலுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ரிமோட்டைப்போலவே நானும் பேசினேனே தவிர, கேட்டேன் இல்லை. அம்மா சற்றும் எண்ணாமல் விடை சொன்னார்: "செய்தி வரணும், அப்பா பாட்டு வரணும், தூக்கம் வந்தால் நிறுத்தணும். அவ்வளவுதான் கண்ணு."

முப்பத்தாறு படங்கள் மூன்றாகச் சுருங்கின. மறுநாள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியையும் வரிசையாக எழுதினேன். 'இப்படி நடக்காவிட்டால் என்ன ஆகும்?' என்பதையும் பக்கத்திலேயே குறித்தேன். பல கருவிகளில் 'எழு' என்பதற்கும் 'உறங்கு' என்பதற்கும் தனித்தனிக் குறிகள் மறைவாக உண்டு. உடன் வந்த ரிமோட்டில் அவற்றுக்குப் பொத்தான் இராது. ஆயினும் கருவி அவற்றை அறியும். அவற்றைத் தேடிச் சேர்த்தேன். 'எழு' என்னும் குறியை விழித்திருக்கும் கருவிக்கு நூறு முறை அனுப்பினாலும் தீங்கில்லை. விளக்குக்கு அத்தகைய குறி கிடைக்கவில்லை. அதனை மேக்ரோவிலிருந்தே நீக்கிவிட்டேன். விளக்கை எழுந்து சென்று அணைப்பது அம்மாவுக்கு ஒரு பொருட்டன்று. ஒவ்வொரு கட்டளைக்கும் நடுவே போதிய காத்திருப்பை வைத்தேன்.

தொடுதிரையை என்ன செய்வது? அதை நான் எடுத்துக்கொண்டேன். அம்மாவுக்காகப் பெரிய பொத்தான்கள் உள்ள, நிரல் எழுதக்கூடிய எளிய ரிமோட் ஒன்றை வாங்கி வந்து, அதே மூன்று மேக்ரோக்களை அதில் ஏற்றினேன். மலையில் இருட்டு விரைவில் வந்துவிடும். அம்மாவுக்குக் கண்ணும் மங்கல். ஆதலால் பொத்தான்களை விரலே அறிய வேண்டும். பல ரிமோட்டுகளில் ஐந்தாம் எண்ணின்மேல் ஒரு சிறு புள்ளி மேடாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இதற்காகத்தான். அம்மா உள்ளே சென்று நான்கைந்து மிளகு கொண்டுவந்தார். செய்திப் பொத்தானில் ஒரு மிளகை ஒட்டினோம். பாட்டுப் பொத்தானில் இரண்டு. நிறுத்தும் பொத்தான் வழவழப்பாகவே இருக்கட்டும் என்றார். அந்த ஏற்பாடு முழுவதும் அவருடையது.

வேண்டுமென்றே வீட்டு மின்சாரத்தை நிறுத்தி, மீண்டும் விட்டேன். அம்மாவை அழுத்தச் சொன்னேன். கட்டைவிரலால் இரண்டு மிளகைத் தடவிப் பார்த்து அழுத்தினார். திரை எழுந்தது. ஓசைப் பெட்டி எழுந்தது. சில விநாடி அமைதி. பிறகு என் தந்தையாரின் குரல் கூடத்தை நிறைத்தது. ஒலிபெருக்கி ஐந்து இருந்தும், பழைய நாடாவின் இரைச்சலோடுதான் வந்தது. அம்மா பேசவில்லை. பாட்டு முடியும் முன்பே பொத்தானை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த கையைக் கண்டு, "அழுத்திக்கொண்டே இருக்க வேண்டாம் அம்மா; அது பாடும்" என்றேன். "தெரியும் கண்ணு" என்றார். ஆனால் கையை எடுக்கவில்லை.

மாணவ நண்பர்களே, உங்களுள் பலர் நாளை நிரல் எழுதுவீர்கள். மருத்துவமனைக்கும், வங்கிக்கும், வயலுக்கும் உரிய கருவிகளை வகுப்பீர்கள். நீங்கள் ஓரிடத்தில் அமர்ந்து எழுதும் வரிசையை, வேறோரிடத்தில் உங்களைக் காணாத ஒருவர் நம்பித் தொடுவார். அது நடவாதபோது அவர் உங்களைக் குறை கூறமாட்டார். பெரும்பாலும் தம்மையே நொந்துகொள்வார். ஆதலால், எழுதுவதற்கு முன் மூன்று செயல்களைச் செய்யுங்கள். அவருக்கு என்ன வேண்டும் என்று அவரையே கேளுங்கள். அவருடைய கையைப் பாருங்கள். மின்சாரம் நின்று வரும் நாளை எண்ணிப் பாருங்கள்.

ஓரியின் அம்பு ஐந்தையும் சென்று தொட்டதற்குக் காரணம் வில்லின் வலிமை மட்டுமன்று. எது எங்கே, எந்த வரிசையில் நிற்கிறது என்பதை எய்தவன் கண்டிருந்தான்.

இந்நேரம் வாழவந்தி நாட்டில் அம்மா அடுப்பங்கரையில் இருப்பார். பழைய டிரான்சிஸ்டரை அவர் இன்னும் விடவில்லை. ஒரு குமிழைத் திருகினால் அது பாடுகிறது. அதற்கு மிளகும் வேண்டியதில்லை. இப்பேச்சை அவர் கேட்டுக்கொண்டிருந்தால், தம்மைப் பற்றி இவ்வளவு சொன்னதற்கு என்னை மன்னிப்பாராக.